சொந்தக் கதையைச் சொல்லிப் பழக: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள், தாதியர், ஆசிரியர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள் எனப் பலரும் இப்போது முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்டோக்கிலும் தங்கள் கதையைச் சொல்ல முயல்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன.

என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே, எதைச் சொல்வது?

பெரிய சம்பவம் தேவையில்லை. சின்னதாக இருந்தாலும் உங்களுக்குள் ஏதோ ஒன்று அசைந்த நேரம்தான் வேண்டும். அப்படிப்பட்டது தினமும் நடக்கிறது. பிடித்து வைக்காததால் மறந்துபோகிறது.

14 இரவுகள் இதைச் செய்து பாருங்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "இன்று எந்த இடத்தில் என் முகம் மாறியது?" என்று உங்களையே கேட்டுக்கொண்டு எழுதுங்கள். எரிச்சல், வெட்கம், சொல்ல வந்து விழுங்கிய சொல், எதுவானாலும் சரி. "இன்று வேலை அதிகம்" என்பது உதவாது. "கேஎல் சென்ட்ரலில் ரயில் வந்து நின்றது, நான் ஏறாமல் அப்பாவின் அழைப்பை எடுத்தேன்" என்பது உதவும். அதில் இடம் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது, ஏன் ஏறவில்லை என்ற கேள்வியும் இருக்கிறது. பதினான்கில் மூன்று நான்கு வரி தேறினாலே நல்ல அறுவடை.

பழைய நினைவுகளுக்கு வேறு வழி. வீட்டில் பயன்படாமலும் தூக்கிப்போட மனம் வராமலும் கிடக்கும் பொருளை எடுங்கள். தாத்தாவின் ரப்பர் பால்வெட்டுக் கத்தி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, பள்ளிக்கூடத்துத் தகரப் பென்சில் பெட்டி. இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிக்கு வந்தவை. அந்த இடமாற்றத்தில் எதை எடுத்து வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் அரைமணி நேரம் கேட்டால் போதும். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கஷ்டமான காலம்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். "இதை யார் தூக்கி வந்தார்கள்? எந்த வண்டியில்?" என்று கேளுங்கள்.

கதைக்கும் சுயபுராணத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கறிபாப் விற்கும் ஒருவர் தன் பக்கத்தில் இப்படி எழுதுகிறார்:

"சிறு வயதிலிருந்தே நான் நிறைய கஷ்டங்களைச் சந்தித்தேன். பலர் என்னைக் கேலி செய்தார்கள். ஆனாலும் விடாமுயற்சியால் இன்று சொந்தமாகத் தொழில் செய்கிறேன். உழைத்தால் உயரலாம்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் மனத்தில் ஒரு படமும் எழவில்லை. இதே ஆள் இப்படிச் சொல்லலாம்:

"செந்தூல் சந்தையில் 60 கறிபாப், எட்டு மணிக்கு 57 மிச்சம். வாங்காமல் போனவர்களையெல்லாம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் நாசி லெமாக் விற்கும் மலாய் அத்தை, எங்கள் மக்சிக், எழுந்து வந்தார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். 'கூராங் காராம்' என்றார், உப்புப் பெட்டியைத் தட்டுவதுபோல என் கையைத் தட்டி. மூன்று வாரமாக விற்கிறேன். அன்று இரவுதான் என் கறிபாப்பை நானே முதன்முதலாகத் தின்று பார்த்தேன்."

இரண்டாவதில் ஒரே ஒரு நாள்தான் வருகிறது. அதற்குள் நேரம், எண்ணிக்கை, இன்னொரு மனிதர், அவர் வாயிலிருந்து வந்த சொல் எல்லாம் இருக்கின்றன. சொல்பவர் தொடக்கத்தில் பிறரைத் திட்டுகிறார், கடைசியில் தன் தட்டைப் பார்க்கிறார். அந்த நகர்வு இல்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது குறிப்பாகவே நிற்கும். எழுதி முடித்ததும், "தொடக்கத்தில் நான் எதை நம்பினேன், முடிவில் எதை நம்பவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் இன்னும் கதை பிடிபடவில்லை என்று பொருள்.

கடைசி வரிக்குப் பிறகு "ஆகவே நண்பர்களே..." என்று நீதி சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். கேட்பவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டியதைப் பிடுங்கிச் சொன்னால், பின்னூட்டத்தில் அவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

முதல் வரி எப்படி இருக்க வேண்டும்?

"வணக்கம், என் பெயர் இன்னார், இன்று நான் உங்களோடு பகிரப்போவது" என்று தொடங்கினால் அதற்குள்ளேயே ஐந்தாறு விநாடி போய்விடும். விரல் அதற்குள் நகர்ந்துவிடும். கதையின் நடுவில் இறங்குங்கள். வணக்கத்தைக் காணொளியின் கீழே எழுதலாம்.

எழுத்துப் பதிவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதுவதில் முதல் 125 குறியீடுகள் போலத்தான் திறக்காமலே தெரியும். மிச்சத்துக்கு "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. அதனால் நாம் நினைப்பதைவிட இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே உள்ள கறிபாப் கதையின் முதல் வாக்கியம் புள்ளி, இடைவெளியோடு சேர்த்து 56 குறியீடு. அது முழுசாகத் தெரியும், 57 கறிபாப் ஏன் மிஞ்சின என்று கேட்கவும் வைக்கும்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

புதிதாகத் தொடங்குபவருக்கு 60 முதல் 90 விநாடி போதும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் மூன்று நிமிடத்துக்கு இடம் தருகின்றன என்பதற்காக மூன்று நிமிடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. அமைதியாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 தமிழ்ச் சொல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேகத்தை அறிய, நீங்கள் எழுதிய 100 சொல்லைக் கடிகாரம் பார்த்து வாசியுங்கள். இன்ஸ்டாகிராம் எழுத்துப் பதிவின் எல்லை 2,200 குறியீடு. தமிழில் அது 220 முதல் 250 சொல் வரை வரும்.

எப்படிப் பயிற்சி செய்வது? எழுதி மனப்பாடம் செய்யலாமா?

மனப்பாடம் வேண்டாம். நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டியிலும் கதை சொல்லும் போட்டியிலும் வளர்ந்தவர்கள். அந்தப் பயிற்சி நல்ல உச்சரிப்பையும் துணிச்சலையும் கொடுத்திருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அது மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எட்டும் குரல். கைப்பேசியில் பார்ப்பவர் ஒரு முழ தூரத்தில், பெரும்பாலும் தனியாக, படுக்கையில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது அடுப்படியில் பேசும் குரல். எழுதிவைத்துப் படித்தால் மேடைக்குரல் தானாக வந்துவிடும். ஆகவே முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள்.

ஒரு கதைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எந்தக் குறிப்பும் இல்லாமல் கைப்பேசியின் ஒலிப்பதிவில் முழுக்கதையையும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஓடினாலும் பரவாயில்லை. அன்றே கேட்காதீர்கள், குரல் பிடிக்காமல் அழித்துவிடுவீர்கள். இரண்டாம் நாள் கேளுங்கள். எங்கே உங்கள் குரல் தானாக வேகமெடுக்கிறது, எங்கே தணிகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள்தான் கதை. அவற்றுக்கு முன்னால் இருப்பதில் பாதிக்கு மேல் வழிப்பேச்சு. மூன்றாம் நாள் அதே கதையை மூன்று நிமிடத்தில் ஒரு முறை, 90 விநாடியில் ஒரு முறை, 60 விநாடியில் ஒரு முறை சொல்லுங்கள். ஒவ்வொரு சுருக்கத்திலும் முதலில் விழுவது பெயரடைகளும் விளக்கங்களும்தான். 60 விநாடிக் கதையில் எது மிஞ்சுகிறதோ அது எலும்பு. அதை வைத்துக்கொண்டு 90 விநாடிக்குத் தேவையான சதையைச் சேருங்கள்.

நான்காம் நாள்தான் பலர் தவிர்க்கும் நாள், அதுவே மிக முக்கியமானது. ஓர் ஆளிடம் நேரில் சொல்லுங்கள். மாமாக் கடையில் ஒரு தே தாரேக் வாங்கிக்கொடுத்து நண்பரிடம் சொன்னாலும் சரி. முடித்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம்மவர்கள் மனம் நோகக்கூடாது என்று "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். மாறாக, "எது ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அவர் மக்சிக்கைச் சொன்னால், மக்சிக் உங்கள் கதையில் சீக்கிரம் வர வேண்டும். நீங்கள் முக்கியம் என்று நினைத்த வரி அவர் வாயில் வரவே இல்லையென்றால் அதை வெட்டிவிடுங்கள். அவர் எந்த இடத்தில் கைப்பேசியைப் பார்த்தார் என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாம் நாள் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எழுதி மனத்தில் இருத்துங்கள், நடுவில் வருவதை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லுங்கள். ஆறாம் நாள் மூன்று முறை படமெடுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதிலிருந்து குரல் பாடம் ஒப்பிக்கத் தொடங்கிவிடும். ஏழாம் நாள் எடிட்.

பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா? மலாய் கலந்தால் தப்பா?

பேசும் காணொளியில் பேச்சுத்தமிழ். எழுத்துப் பதிவில் எளிய எழுத்துத்தமிழ், ஆனால் பாத்திரங்கள் பேசும் வரிகள் மட்டும் அவர்கள் பேசியபடியே. இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

"பசியாறியாச்சா", "பத்து வெள்ளி", "வா லா" ஆகியவை மலேசியத் தமிழின் சொத்து. தமிழ்நாட்டுப் பார்வையாளர்களுக்காக அவற்றை "டிஃபன் சாப்பிட்டாச்சா", "பத்து ரூபாய்" என்று மாற்றுபவர்கள் தங்கள் குரலைத்தான் இழக்கிறார்கள். சென்னைத் திரைப்படப் பேச்சை இரவல் வாங்கிப் பேசினால் இங்குள்ளவர்களுக்கும் ஒட்டாது, அங்குள்ளவர்களுக்கும் ஒட்டாது.

ஆனால் புரிய வைப்பது நம் பொறுப்பு. "கூராங் காராம்" நல்ல எடுத்துக்காட்டு. மலாயில் கூராங் என்றால் குறைவு, காராம் என்றால் உப்பு. மலாய் தெரியாத தமிழர் காதில் அது "காரம் குறைச்சல்" என்றே விழும். அதனால்தான் கதையில் "உப்புப் பெட்டியைத் தட்டுவதுபோல என் கையைத் தட்டி" என்று வருகிறது. இன்னும் தெளிவு வேண்டுமானால் அடுத்த வரியில், "உப்பே போடாம மூணு வாரமா?" என்று சொல்பவர் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். பொருளை இப்படிக் கதைக்குள்ளேயே கரைத்துவிட வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு அகராதி படிக்கக் கூடாது. லயம், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) போன்ற தோட்டத்துச் சொற்கள் இங்குள்ள இளையவர்களுக்கே புதிது, அவற்றுக்கும் இதே வழிதான்.

கைப்பேசியில் தமிழ் தட்டச்சுக்கு நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் வசதியாக இருக்கும்.

கேமராவைப் பார்த்தாலே வாய் உலர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

லென்ஸுக்குப் பக்கத்தில் ஒருவரின் படத்தை ஒட்டி, அவரிடம் சொல்லுங்கள். திரையில் தெரியும் உங்கள் முகத்தை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள், தன்னைத்தானே பார்ப்பதால்தான் பலருக்குப் பேச்சு தடுமாறுகிறது. அப்படியும் முடியாவிட்டால் முகமே காட்ட வேண்டாம். மாவு பிசையும் கையைப் படமெடுத்து, குரலைப் பிறகு சேர்க்கலாம். அது குறைந்த வழி அல்ல.

என்னென்ன கருவி வேண்டும்?

கைப்பேசி போதும். முதல் செலவு ஒலிக்காக இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுப்பார்கள், சொல் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் சிறிய மைக் வாங்கினால், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். முடி, சங்கிலி, துப்பட்டா உரசினால் அந்தச் சத்தத்தை எடிட்டில் எடுக்க முடியாது. மைக் இல்லையென்றால் கைப்பேசி இரண்டடிக்குள் இருக்க வேண்டும்.

காற்றாடியை நிறுத்துங்கள், குளிர்சாதனத்தையும்தான். வெறும் சுவரும் ஓடுபாவிய தரையும் எதிரொலிக்கும், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்தால் எதிரொலி நன்றாகக் குறையும். கோலாலம்பூரில் பிற்பகல் மழை வந்தால் தகரக் கூரை வீட்டில் ஒன்றும் பதியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் மாதிரி ரயில் தடத்தை ஒட்டிய வீடுகளில் விடிகாலைதான் அமைதி. பத்து விநாடி பதிந்து, காதொலிக் கருவியில் கேட்டுவிட்டு, பிறகு முழுதாக எடுங்கள்.

சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்தால் சில வேளை திரையில் கோடுகள் ஓடும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய, ஆகவே பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் எழுத்தோட்டம் போடுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாமல், வரிக்கு நான்கைந்து சொல். திரையின் கீழ் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், அங்கே பெயரும் பொத்தான்களும் வந்து மறைத்துவிடும். சில எடிட் செயலிகள் "கொ", "கௌ", "ஸ்ரீ" போன்றவற்றை உடைத்துப் புள்ளி வட்டமாகக் காட்டும். போடும் முன் வேறொரு கைப்பேசியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குடும்பத்தார் வரும் கதையைச் சொல்லலாமா?

கேட்டுவிட்டுச் சொல்லலாம். "உங்களைப் பற்றி ஒரு வீடியோ போடப்போறேன், சரியா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். முடித்த காணொளியைக் காட்டிக் கேளுங்கள், ஓர் இரவு யோசிக்க விடுங்கள். அம்மா அப்பாவின் கடன், நோய், திருமணச் சிக்கல் ஆகியவை உங்கள் வாழ்க்கையையும் பாதித்திருக்கலாம். ஆனால் கோயிலில், கல்யாண வீட்டில் அதைப் பற்றிக் கேட்கப்படுபவர் அவர்தான். மறுத்தால் விட்டுவிடுங்கள். அல்லது உங்கள் பக்கத்தில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளிச் சீருடையில் பெயர்ப்பட்டையும் பள்ளிச் சின்னமும் தெரியும். வீட்டு எண், கார் எண் பின்னணியில் வரும். படமெடுத்ததும் ஓரங்களை ஒரு தடவை பாருங்கள். தாதியர் நோயாளியையும் ஆசிரியர் மாணவரையும் அடையாளம் தெரியும்படி சொல்லவே கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வயது, ஊர், நாள் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

முன்னாள் முதலாளி, பிரிந்துபோன துணை போன்றோர் மேல் குற்றம் சாட்டும் கதையை ஆத்திரத்தோடு போடாதீர்கள். மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் பொய்யான அல்லது மிரட்டும் உள்ளடக்கத்தை இணையத்தில் போடுவதைக் குற்றமாக்குகிறது. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அழுதுகொண்டே சொன்னால் நிறைய பேர் பார்க்கிறார்களே?

பார்ப்பார்கள். ஆனால் ஆறாத புண்ணைப் பிரித்துக் காட்டினால், முன்பின் தெரியாத நூறு பேர் அதில் விரல் வைப்பார்கள், சிலர் கேலியும் செய்வார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அதே கதையை மூன்று தனித்தனி நாட்களில் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறையும் பேச்சு உடைந்தால் இப்போது வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும். கதை எங்கும் போய்விடாது. மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால் பார்வையாளர்களைத் தேடாதீர்கள், பேச ஓர் ஆளைத் தேடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கேட்கிறார்கள்.

கதையின் கடைசியில் என் பொருளை விற்கலாமா?

விற்கலாம், மறைக்காமல் செய்யுங்கள். மனம் உருகும் கதையைச் சொல்லி, கடைசி மூன்று விநாடியில் "ஒரு பெட்டி 12 வெள்ளி" என்றால் ஏமாற்றியதுபோல் இருக்கும். ஆனால் கறிபாப் கதையில் கறிபாப் முதல் வரியிலிருந்தே இருக்கிறது. அங்கே விலையைக் கீழே எழுத்தில் போட்டால் யாருக்கும் உறுத்தாது. ஐந்து கதைக்கு ஒன்றில் விற்பனை இருந்தால் போதும்.

200 பேர்கூடப் பார்க்கவில்லை. எதை வைத்து அளப்பது?

எட்டுக் கதை போடும்வரை எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதற்குள் பார்க்க வேண்டியது, மக்கள் எந்த விநாடியில் விட்டுப்போகிறார்கள் என்று காட்டும் வரைகோடு. முதல் மூன்று விநாடியிலேயே சரிந்தால் முதல் வரி கோளாறு. நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று விழுந்தால் அங்கே நீங்கள் விளக்கம் கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள், போய்ப் பாருங்கள். கடைசி ஐந்து விநாடியில் விழுந்தால் கதை முடிந்த பிறகும் பேசியிருக்கிறீர்கள்.

பின்னூட்டங்களில் "சூப்பர்" என்பதைவிட, "எங்க பாட்டியும் இப்படித்தான்" என்று தொடங்கி ஒருவர் தன் கதையைச் சொன்னால் அதுதான் பலன். அவருக்குக் கைகூப்பும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். "எந்தத் தோட்டம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வசவுகளுக்குப் பதில் எழுத வேண்டாம். மறைத்துவிட்டுப் போகலாம்.

தைப்பூசத்தன்று போட்ட கதை எடுபடவில்லையே?

அன்று எல்லாரும் பத்துமலையின் 272 படிகளையும் பெரிய முருகன் சிலையையும் போடுகிறார்கள், ஒரே படம் ஆயிரம் தடவை வருகிறது. நீங்கள் இன்னும் சின்ன இடத்தைத் தேடுங்கள். துன் எச்.எஸ். லீ சாலைக் கோயிலிலிருந்து இரவில் வெள்ளிரதம் புறப்படும்போது யாருடைய தோளில் தூங்கினீர்கள்? தண்ணீர்ப் பந்தலில் எத்தனை மணிக்கு மோர் தீர்ந்தது? காவடி எடுத்தவரின் செருப்பைப் படிக்கட்டின் கீழே யார் வைத்துக்கொண்டு நின்றார்? அலகு குத்திய அந்நியரின் முகத்தைக் கேட்காமல் நெருக்கத்தில் எடுக்காதீர்கள், அது அவருடைய நேர்த்திக்கடன். வீடு திரும்பும் வழியிலேயே நினைவில் இருப்பதை ஒலிப்பதிவாகச் சொல்லிவைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து, மற்றவர்களின் படங்கள் ஓய்ந்த பிறகு போடுங்கள்.